உருளைக்கிழங்கின் மேல் விழுந்த பழி

"சுகர் வந்துவிட்டால் உருளைக்கிழங்கைத் தொடவே கூடாது. கிழங்கு சாப்பிட ஆசையாக இருந்தால் சர்க்கரைவள்ளி சாப்பிடுங்கள்." காலை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். யூடியூபில் ஆரோக்கியம் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். மருத்துவமனைகளில் மாத்திரைச் சீட்டோடு சேர்த்துத் தரும் உணவு அட்டவணைகளிலும் "தவிர்க்க வேண்டியவை" என்ற தலைப்பின் கீழ் உருளைக்கிழங்கு முதல் வரிசையில் நிற்கிறது. உடல் இளைக்க நினைக்கிறவர்கள், குழந்தைக்குச் சத்தாகக் கொடுக்க நினைக்கும் தாய்மார்கள், ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் என்று எல்லோரும் இப்போது ஒரு கிழங்கை நல்லது என்றும் இன்னொன்றைக் கெட்டது என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிவினை தவறு என்பதே என் வாதம். சர்க்கரைவள்ளி நல்ல கிழங்கு; அதன்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஆனால் அதை உயர்த்துவதற்காக உருளைக்கிழங்கின் மேல் சுமத்தும் குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை நம் ஊர்ச் சந்தைக்கும், நம் அடுப்புக்கும், நம் தட்டுக்கும் பொருந்தாதவை. பொருந்தாத அறிவுரையால் சிரமப்படுகிறவர்கள் நோயாளிகள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வைட்டமின் ஏ கதையைப் பார்ப்போம். சர்க்கரைவள்ளியின் பெருமையில் பாதி இதில்தான் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துப் பட்டியலில் 100 கிராம் பச்சைச் சர்க்கரைவள்ளியில் ஏறக்குறைய 8,500 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருப்பதாகப் போட்டிருக்கிறது. உடலுக்குள் போனபின் அது சுமார் 700 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-வுக்குச் சமம். ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவைக்கு அதுவே போதும். உருளைக்கிழங்கில் பீட்டா கரோட்டின் இல்லையென்றே சொல்லிவிடலாம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்துபோகிறது.

ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் கிழங்கு எது? உள்ளே பரங்கிப்பழம்போல ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் அமெரிக்க ரகம். நம் காய்கறிக் கடையில் ஒரு கிழங்கை எடுத்து உடைத்துப் பாருங்கள். தோல் சிவப்பாகவோ ரோஜா நிறமாகவோ இருக்கும். உள்ளே வெள்ளை, அல்லது மங்கிய தந்த நிறம். உடைத்த இடத்தில் பால் துளித்துளியாகக் கசிந்து விரலில் பிசுபிசுக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கறுத்துப்போகும். பொங்கலுக்குப் படையலில் வைக்கிறோமே, அதுதான் இந்தக் கிழங்கு. கரோட்டின் என்பதே ஆரஞ்சு நிறத்தைக் கொடுக்கும் பொருள். நிறம் இல்லாத இடத்தில் அந்தச் சத்தும் பேருக்குத்தான் இருக்கும். வெள்ளைச் சதைக் கிழங்கில் அது மிகச் சொற்பம். ஆக, தமிழ்நாட்டில் வெள்ளைக் கிழங்கை வாங்கித் தின்கிறவருக்கு அமெரிக்காவின் ஆரஞ்சுக் கிழங்கின் எண்ணைக் காட்டி நம்பவைத்திருக்கிறோம். வைட்டமின் ஏ வேண்டுமென்றால் முருங்கைக்கீரையும் பரங்கியும் பப்பாளியும் கேரட்டும் இங்கே எப்போதும் கிடைக்கின்றன.

கரோட்டினை ஒதுக்கிவிட்டு மற்றச் சத்துகளைப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது? அதே அமெரிக்கப் பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பச்சைக் கிழங்கை யாரும் தின்பதில்லை என்பதால் அவித்த கிழங்கின் கணக்கைப் பார்க்கிறேன். தோலோடு அவித்து உரித்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 87 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து, 1.9 கிராம் புரதம், 13 மில்லிகிராம் வைட்டமின் சி, 379 மில்லிகிராம் பொட்டாசியம். அவித்த சர்க்கரைவள்ளியில் 76 கலோரி, 17.7 கிராம் மாவுச்சத்து, 1.4 கிராம் புரதம், 12.8 மில்லிகிராம் வைட்டமின் சி, 230 மில்லிகிராம் பொட்டாசியம். நார்ச்சத்து உருளையில் 2 கிராம் அளவில், சர்க்கரைவள்ளியில் 2.5 கிராம். இனிப்புச் சர்க்கரை மட்டும் தனியாகப் பார்த்தால் உருளையில் 1 கிராமுக்கும் குறைவு, சர்க்கரைவள்ளியில் 5.7 கிராம்.

ஒன்றைத் தேவராகவும் இன்னொன்றை அசுரராகவும் காட்ட இந்த எண்களில் என்ன இருக்கிறது? நார்ச்சத்தில் அரை கிராம் அந்தப் பக்கம். புரதத்தில் அரை கிராம், பொட்டாசியத்தில் 150 மில்லிகிராம் இந்தப் பக்கம். வைட்டமின் சி இரண்டிலும் சமம். "உருளைக்கிழங்கு வெறும் மாவு" என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறையாவது முழுக்கப் படித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெறும் மாவை நம்பி ஒரு தேசம் வாழ்ந்திருக்க முடியாது. அயர்லாந்தின் ஏழை உழவர்கள் பல தலைமுறைகள் உருளைக்கிழங்கும் மோரும் சாப்பிட்டே உடல் உழைப்பில் நின்றார்கள். 1845-இல் கருகல் நோய் வந்து பயிர் அழிந்தபின் அங்கே பட்டினியோடு ஸ்கர்வியும் பரவியது. காரணம், அதுவரை அவர்களுக்கு வைட்டமின் சி கொடுத்துக்கொண்டிருந்தது அந்தக் கிழங்குதான். 1920-களில் போலந்தில் நடந்த ஓர் ஆய்வில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் 167 நாட்கள் தங்கள் புரதத் தேவை முழுவதையும் ஏறக்குறைய உருளைக்கிழங்கிலிருந்து மட்டுமே பெற்று நலமாக இருந்தார்கள். யாரும் அப்படிச் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உருளைக்கிழங்கின் புரதம் அளவில் குறைவானாலும் தரத்தில் உயர்ந்தது. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக இருக்கும் லைசின் அதில் தாராளமாக இருக்கிறது. சத்துணவுக் கூடங்களில் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு கொடுத்து வந்த வழக்கத்தை ஏளனமாகப் பேசுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"சத்தெல்லாம் சரி, சுகரை ஏற்றுமே?" என்பார்கள். எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். இங்கேதான் பெரிய குழப்பமும் இருக்கிறது.

கிளைசீமிக் குறியீடு என்று ஓர் அளவு உண்டு. 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுவார்கள். சர்க்கரைவள்ளிக்கு 44, உருளைக்கிழங்குக்கு 80-க்கு மேல் என்று ஒற்றை எண்களைச் சொல்லித் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு கிழங்குக்கு ஒரே ஒரு எண் என்பது கிடையாது.

ஜமைக்காவில் பத்து வகைச் சர்க்கரைவள்ளியை எடுத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. அவித்துக் கொடுத்தபோது குறியீடு 41 முதல் 50 வரை. அதே கிழங்குகளை நெருப்பில் சுட்டபோது 79 முதல் 93 வரை. அடுப்பில் பேக் செய்தபோது 82 முதல் 94 வரை. கிழங்கு அதேதான். சமைத்த விதம் மாறியதும் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. காரணம் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. சர்க்கரைவள்ளியில் பீட்டா அமைலேஸ் என்ற நொதி உண்டு. கிழங்கு மெல்லச் சூடேறி 60, 70 டிகிரிப் பக்கம் நெடுநேரம் நிற்கும்போது அது மாவை உடைத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றிவிடுகிறது. கரியில் புதைத்துச் சுட்ட கிழங்கு தேனாக இனிப்பதும், தோலின் ஓரத்தில் பாகு கசிந்து கருகி நிற்பதும் இதனால்தான்.

என் அத்தைக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். உணவு அட்டவணையைப் பார்த்து உருளைக்கிழங்கை அடியோடு விட்டார். வீட்டில் பூரிக்குக் கிழங்கு செய்தால்கூடச் சட்னி தொட்டுக்கொள்வார். சாயங்காலம் மட்டும் தள்ளுவண்டியில் சுட்ட சர்க்கரைவள்ளி ஒன்று வாங்கி, தோலை உரித்து, ஆற அமரச் சாப்பிடுவார். அது அவருக்கு அனுமதிக்கப்பட்ட பண்டம். அந்த ஒரு கிழங்கே கால் கிலோவுக்குக் குறையாது. நல்ல சாப்பாட்டுத் தட்டு ஒன்றில் பாதியளவு மாவுச்சத்து அதில் இருக்கும், அதுவும் சுட்டது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஏறிக்கொண்டே போனபோது, "நான் உருளைக்கிழங்கைத் தொடுவதே இல்லையே" என்று அவர் கலங்கினார். பத்தியம் காக்காத பழியும் அவர் மேலேயே விழுந்தது. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்டவர் அவர்.

உருளைக்கிழங்கின் எண்ணும் ஓரிடத்தில் நிற்பதில்லை. டொரண்டோவில் செய்து 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் அவித்த சிவப்புத்தோல் உருளையைச் சுடச்சுடக் கொடுத்தபோது குறியீடு 89; ஆறவைத்துக் குளிர்ந்த நிலையில் கொடுத்தபோது 56. வெந்த மாவு குளிரும்போது அதில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத மாவாக மாறிவிடுகிறது. அது நார்ச்சத்தைப்போல நடந்துகொண்டு பெருங்குடலுக்குப் போய்விடும். மசித்தால் எண் ஏறும். துண்டமாகவே விட்டால் குறையும். புளியோ தயிரோ பருப்போ எண்ணெயோ சேர்ந்தால் இன்னும் குறையும். அவித்து ஆறிய கிழங்கைத் தயிரில் போட்டுத் தாளித்துப் பச்சடியாகச் சாப்பிடுகிறவருக்கும், மசித்த கிழங்கைச் சூடாக இட்டு நிரப்பிய மசால் தோசை சாப்பிடுகிறவருக்கும் ஒரே அறிவுரையைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

இதையெல்லாம்விட எனக்கு ஆற்றாமை தருவது ஒன்று உண்டு. உருளைக்கிழங்கை வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் விதத்தை வைத்து எழுதிய எச்சரிக்கைகளை நாம் அப்படியே வாங்கிக்கொண்டோம். அங்கே உருளைக்கிழங்குதான் சோறு. தட்டில் பாதியை அது அடைத்துக்கொண்டிருக்கும். நம் தட்டில் அது ஓர் ஓரத்துப் பொரியல். மதியச் சாப்பாட்டில் 300 கிராம் சோறு போட்டுக்கொள்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது பெரிய சாப்பாடே இல்லை. அந்தச் சோற்றில் 84 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பக்கத்தில் வைக்கும் 75 கிராம் உருளைக்கிழங்குப் பொரியலில் 15 கிராம். அந்த உருளையை எடுத்துவிட்டு அதே அளவு அவித்த சர்க்கரைவள்ளியை வைத்தால் 13 கிராம். மிச்சமானது 2 கிராம். சோற்றில் 50 கிராமைக் குறைத்திருந்தால் 14 கிராம் மிச்சமாகியிருக்கும். மலைபோலக் குவிந்த சோற்றைக் கேள்வி கேட்காமல் ஓரத்துக் கிழங்கை விரட்டிவிட்டோம். உருளைக்கிழங்கு சாப்பிடும் அன்று சோற்றைக் குறையுங்கள் என்று சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்கு உண்மையில் பயன்பட்டிருக்கும்.

உருளைக்கிழங்குக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. 2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அமெரிக்கர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு வந்தது. வாரத்துக்கு மூன்று முறை பிரெஞ்ச் பிரைஸ் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடியிருந்தது. அவித்தோ, பேக் செய்தோ, மசித்தோ சாப்பிட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஆகவே குற்றவாளி எண்ணெய்ச் சட்டி. நம் சிப்ஸும் அப்படித்தான். 100 கிராம் உருளைச் சிப்ஸில் 500-க்கு மேல் கலோரி, அதில் பெரும்பகுதி எண்ணெயின் வேலை. சர்க்கரைவள்ளிச் சிப்ஸ் போட்டாலும் அதே எண்ணெயைத்தான் அது குடிக்கும். "ஸ்வீட் பொட்டேட்டோ சிப்ஸ், ஆரோக்கியமானது" என்று பச்சை நிறப் பொட்டலத்தில் விற்கிறார்கள். அதை நம்பிப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

எடை கூடும் என்ற புகாருக்கும் ஒரு பதில் இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்பவரும் சகாக்களும் 1995-இல் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது எவ்வளவு பசியடக்கி வைக்கிறது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் அவித்த உருளைக்கிழங்குக்கு 323. அந்தப் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். வயிறு நிறைந்து அடுத்த வேளைவரை பசி தாங்கும் உணவை, இளைக்க நினைக்கிறவர்கள் ஏன் ஒதுக்க வேண்டும்?

"மண்ணுக்கு அடியில் விளைவதெல்லாம் சுகருக்கு ஆகாது" என்ற வழக்குப் பேச்சையும் இங்கேயே மறுத்துவிடுகிறேன். முள்ளங்கியும் வெங்காயமும் கேரட்டும் மண்ணுக்கு அடியில்தான் விளைகின்றன. அவற்றில் மாவு மிகக் குறைவு. அரிசியும் கோதுமையும் வெயிலில் தலைநிமிர்ந்துதான் விளைகின்றன. இந்தப் பேச்சை நம்பினால் சர்க்கரைவள்ளிக்கும் இடமில்லை. உருளைக்கிழங்கு வாயுவை உண்டாக்கும் என்ற குற்றச்சாட்டும் இடம்மாறி நிற்கிறது. குடல் எரிச்சல் நோயாளிகளுக்கான உணவுப் பட்டியலை உருவாக்கிய ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருளைக்கிழங்கைத் தாராளமாக அனுமதிக்கிறது. சர்க்கரைவள்ளியை 75 கிராம் அளவோடு நிறுத்தச் சொல்கிறது, அதிலுள்ள மானிட்டால் குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும் என்பதால். பச்சை பூத்த, முளைவிட்ட உருளைக்கிழங்கை எறிந்துவிட வேண்டும் என்பது மட்டும் உண்மை. அதில் சொலனைன் என்ற நச்சு சேர்கிறது.

சர்க்கரைவள்ளிக்காக வாதாடுகிறவர்கள் ஓகினாவாவைத் துணைக்கு அழைப்பார்கள். ஜப்பானின் அந்தத் தீவில் நூறு வயது தாண்டியவர்கள் அதிகம், அவர்களின் முக்கிய உணவு சர்க்கரைவள்ளி என்பார்கள். 1949-இல் அங்கே எடுத்த கணக்கின்படி மக்களின் கலோரியில் 69 சதவீதம் அந்தக் கிழங்கிலிருந்து வந்தது, மெய்தான். ஆனால் அவர்கள் நாளொன்றுக்கு மொத்தமாகச் சாப்பிட்டதே 1,785 கலோரி. போர் முடிந்து நான்கே வருடம் ஆகியிருந்த ஏழைத் தீவு அது. நாள் முழுதும் வயலில் உழைத்து அரைவயிறு உண்டவர்களின் ஆயுளை, மூன்று வேளைச் சோற்றுக்கு மேல் சாயங்காலம் ஒரு கிழங்கு சேர்த்துக்கொள்கிறவருக்கு வாக்களிப்பது பொறுப்பற்ற பேச்சு.

சர்க்கரைவள்ளி ஜெயிக்கும் இடம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மொசாம்பிக், உகாண்டா போன்ற நாடுகளில் வெள்ளைச் சர்க்கரைவள்ளியைத்தான் பரவலாகத் தின்றார்கள்; வைட்டமின் ஏ குறைவால் பிள்ளைகள் பார்வையையும் உயிரையும் இழந்துகொண்டிருந்தார்கள். அங்கே ஆரஞ்சுச் சதை ரகங்களை உருவாக்கிப் பரப்பினார்கள். மொசாம்பிக்கில் அந்தக் கிழங்கைச் சாப்பிட்ட குழந்தைகளின் இரத்தத்தில் வைட்டமின் ஏ அளவு உயர்ந்ததை ஆய்வுகள் காட்டின. அந்தப் பணிக்காக மரியா ஆந்த்ராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ, ஹோவர்த் பூயிஸ் ஆகிய நால்வருக்கும் 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அங்கே வெள்ளைச் சர்க்கரைவள்ளியின் இடத்துக்குத்தான் ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்கை அவர்கள் எதிரியாக்கவில்லை.

நமக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'பூ சோனா' என்ற ஆரஞ்சு ரகத்தை வெளியிட்டிருக்கிறது. 100 கிராமில் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். 'பூ கிருஷ்ணா' என்ற ஊதா ரகமும் உண்டு. சர்க்கரைவள்ளியை விதை போட்டு வளர்ப்பதில்லை, கொடியை நறுக்கி நட வேண்டும்; ஆகவே நல்ல கொடி உழவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நல்ல கிழங்கு கடைக்கு வரும். சர்க்கரைவள்ளியின் பெருமையைப் பேசுகிறவர்கள் தங்கள் குரலை அதற்குச் செலவிடட்டும். வேளாண் துறை கொடி கொடுக்கட்டும், அங்கன்வாடிகளில் அந்தக் கிழங்கு வேகட்டும். நான் முதல் ஆளாக வரவேற்பேன்.

அதுவரை, உணவு அட்டவணை அச்சடிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காய்களின் பெயரை மட்டும் இரண்டு பத்தியாகப் பிரித்துப் போடாதீர்கள். எவ்வளவு, எப்படிச் சமைத்தது, அன்று சோற்றில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எழுதுங்கள். "அவித்த கிழங்கு, இரண்டில் எதுவானாலும், சிறியதாக ஒன்று, அன்று ஒரு கரண்டி சோறு குறைவு, சுட்டதும் பொரித்ததும் வேண்டாம்" என்று நான்கு வரியில் எழுதிவிடலாம். சிறுநீரக நோயாளிகளுக்குத் தனித்தாள் கொடுங்கள். அவர்களுக்குப் பொட்டாசியம்தான் கணக்கு. எந்தக் கிழங்கானாலும் தோலைச் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டச் சொல்ல வேண்டும். சர்க்கரைவள்ளி நல்லதென்று கேட்டு அதை அப்படியே சுட்டுச் சாப்பிடும் சிறுநீரக நோயாளியிடம் இதை இன்றே யாராவது சொல்லியாக வேண்டும்.